யார் பிரிந்தவர்?

மங்கலம்பேட்டையிலிருந்து பண்ருட்டி வழியாகக் கடலூர் செல்பவர்கள், நெல்லிக்குப்பத்துக்குச் சற்று முன்னால் மேல்பட்டாம்பாக்கத்தைக் கடக்கிறார்கள். 1861இல் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி இங்கு ‘பெத்தானியா’ என்ற ஊழியத்தலத்தைத் தொடங்கினார். அவர் தம் சங்கத்தோடு முரண்பட்டுப் பிரிந்து வந்தவர். முரண்பாடு சாதியைப் பற்றியது.

கதை அதற்கும் முந்தையது. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர் பலர் ஆலயத்தை விட்டு வெளியேறினர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1829இலேயே இவர்கள் பக்கம் நின்று எழுதியிருந்தார். ஷ்வார்ட்ஸ் ஐயர் காலத்து வழக்கத்தை மாற்றியவர்கள் புதிய மிஷனரிமாரே. ஆகவே பிரிந்தவர்கள் அவர்களே என்பது இத்தரப்பின் வாதம். வாதத்தில் சாமர்த்தியம் உண்டு. ரோமைப் பற்றி லுத்தரின் சீடர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதுதானே!

வெளியேறியவர்களில் பலருக்கு, 1841இல் தரங்கம்பாடியில் பணி தொடங்கிய ஜெர்மானிய லுத்தரன் மிஷன் புகலிடமாயிற்று. பின்னாளில் லைப்சிக் மிஷன் எனப் பெயர்பெற்ற அதன் இயக்குநர் கார்ல் கிரவுல், திருக்குறளை ஜெர்மனில் தந்த அறிஞர். சாதி சமூக வழக்கம். கட்டாயத்தால் அது ஒழியாது, சுவிசேஷத்தால் மெல்ல மெல்லக் கரையும் என்றார் அவர். உடன் கிறிஸ்தவரோடு உண்ண மறுப்பவருக்குச் சபையில் இடமில்லை என்று 1850இல் சென்னை மிஷனரிகள் முடிவெடுத்தபோது, லைப்சிக் மிஷன் அதில் சேரவில்லை.

ஓக்ஸும் லைப்சிக் மிஷனரியே. திருவிருந்தில் ஒரே கிண்ணத்தில் பருகியவர்கள் வீட்டுப் பந்தியில் விலகி அமர்வதை அவரால் ஏற்க இயலவில்லை. கரையும் வரை காத்திருக்கலாம் என்ற கிரவுலின் பொறுமைக்கு விலை கொடுத்தவர் அவரல்லர், பந்திக்கு வெளியே நின்றவர்களே என்று நமக்குத் தோன்றுகிறது. ஆண்டுக்கணக்கில் வாதாடித் தோற்ற பிறகு ஓக்ஸ் விலகினார். சாதியைக் காக்கப் பிரிந்தவர்கள் சேர்ந்த சபையிலிருந்தே, சாதியை ஏற்காததால் ஒருவர் பிரிய நேர்ந்தது.

1860களில் டேனிஷ் மிஷன் சங்கம் அவருக்கு ஆதரவளித்தது. அந்த ஊழியத்தின் வழி வந்ததே கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை. லைப்சிக் மரபில் வந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் அதுவும் இன்று ஒரே லுத்தரன் கூட்டமைப்பில் உறுப்புச் சபைகள்.