சாண் அளவுத் தேவியர்: வீட்டு வழிபாட்டுச் செப்புப் படிமங்களில் அளவும் உளியும்

தமிழகத்துச் செப்புத் திருமேனிகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கோயில் உலாத் திருமேனிகளையே மையமாகக் கொண்டுள்ளன. வீட்டுப் பூசையறைக்கென வார்க்கப்படும் சிறிய தேவிப் படிமங்கள் அவற்றின் சுருங்கிய நகல்களாகவே கருதப்பட்டு வந்துள்ளன. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் இன்றும் நடைபெறும் தொழிலைக் கூர்ந்து நோக்கினால் இக்கருத்து பொருந்தாமை விளங்கும். உருவம் சிறுக்கும்போது அதே சிற்பநூல் விதி வேறொரு கைத்திறனை வேண்டுகிறது. அத்திறன் வெளிப்படும் இடம் வார்ப்புக்குப் பின் நிகழும் உளி வேலையே.

மச்ச புராணம் வீட்டில் வழிபடும் படிமத்துக்குக் கட்டைவிரற் கணு முதல் ஒரு சாண் வரை உயர எல்லை வகுக்கிறது. சாண் என்பது மனிதக் கைவிரலால் அளக்கும் 12 அங்குலமாகும். படிமத்தின் உறுப்புகளை அளக்கும் அங்குலமோ வேறு. அது படிமத்தின் உயரத்தையே பகுத்துப் பெறப்படுவதால் தேகாங்குலம் எனப்படும். தேவியர்க்குரிய மத்திம தசதாளம் என்னும் அளவுமுறையில் உயரம் 120 அங்குலமாகவும், முகம் 13 அங்குலமாகவும், ஓர் அங்குலம் 8 யவமாகவும் பகுக்கப்படுகின்றன. 15 சென்டிமீட்டர் உயரமுள்ள நின்ற கோலச் சிவகாமியம்மை படிமத்துக்கு இக்கணக்கைப் பொருத்தினால் ஓர் அங்குலம் 1.25 மில்லிமீட்டராகவும், முகம் 16 மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுந்தும், யவம் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாகவும் அமையும். உதட்டின் விளிம்பையும் இமையின் கோட்டையும் வரையறுக்க நூல் தரும் யவக் கணக்கு இந்த அளவில் கருவிக்கு எட்டாது. தென்னையோலை நறுக்கைப் படிமத்தின் உயரத்துக்கு வெட்டி, மடித்து, மடிப்புகளால் உறுப்புகளைக் குறிக்கும் ஒடியோலை முறையும் முகம், மார்பு, முழங்கால் போன்ற பெரும் பகுப்புகளோடு நின்றுவிடுகிறது. எஞ்சியவை ஸ்தபதியின் கண் மதிப்பைச் சார்ந்தவை.

தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிய முதற்பூச்சாக இட்டு, கனத்த மண் பூசி, இரும்புக் கம்பி கட்டிக் காய வைத்துச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய குழிவில் உலோகத்தை ஊற்றுவது சுவாமிமலை முறையாகும். வீட்டுக்குரிய சிறு படிமங்கள் உள்ளீடற்றவையாக இல்லாமல் கன வார்ப்பாகவே செய்யப்படுகின்றன. சோழர் காலத் திருமேனிகளில் நுட்பங்கள் பெரிதும் மெழுகிலேயே முடிக்கப்பட்டன என்றும், இக்காலத்து மிகுதியான உளி வேலை தேய்வின் அறிகுறி என்றும் அறிஞர் சிலர் கருதுவர். பெரிய திருமேனிகளைப் பொறுத்தவரை இக்கூற்றில் நியாயமுண்டு. ஆனால், வார்ப்பில் மழுங்கும் ஒரு மெல்லிய கோடு மூன்றடித் திருமேனியில் ஆடை மடிப்பின் கூர்மையை மட்டுமே குறைக்கும். 15 சென்டிமீட்டர்ப் படிமத்தில் அதே மழுக்கம் கண்ணையே அழித்துவிடும். எனவே வீட்டுப் படிமத்தில் உளி, பழுது பார்க்கும் கருவி என்ற நிலையைக் கடந்து முகத்தைப் படைக்கும் கருவியாகிறது. மலர் பிடிக்கும் வலக்கை விரல்களின் இடைவெளியும், தொங்கும் இடக்கைக்கும் இடைக்கும் நடுவே ஒளி புகும் பிளவும், தலையின் பின்புறத்துச் சிரச்சக்கரத்தின் இதழ்களும் அரத்தாலும் சிற்றுளியாலும் திறக்கப்பட வேண்டியவை. சுவரையொட்டி வைக்கப்படுவதால் எவரும் காணாத அந்தப் பின்புறமே, படிமத்தின் தரத்தை ஐயமற அறிவிக்கும் பகுதி.

வழிபாட்டு முறையும் இங்குக் கருதத்தக்கது. கோயில் உற்சவர் பட்டாடைக்குள் மறைந்திருப்பார். வீட்டுத் தேவியோ நீராட்டிலும் துடைப்பிலும் நாள்தோறும் கைபடுகிறாள், புளியும் திருநீறும் இட்டுத் துலக்கப்படுகிறாள். மிக நுண்ணிய கோடுகள் இரண்டொரு தலைமுறையில் தேய்ந்துவிடும் என்பதை அறிந்த ஸ்தபதி, மூக்கையும் புருவ வளைவையும் கணக்குக்குச் சற்று மிகையாகவே எடுத்து நிறுத்துகிறார். விதி மீறலாகத் தோன்றும் இது, பயன்பாட்டை முன்னறிந்து செய்த திருத்தமாகும். இத்திருத்தத்தைப் பற்றிக் கேளாத வாங்குவோர், பஞ்சலோகமா என்று மட்டும் தவறாமல் கேட்கின்றனர். செம்பே பெரும்பங்காகவும் பொன்னும் வெள்ளியும் பெயரளவாகவும் சேரும் அக்கலவை, முகத்தின் அழகுக்கு எவ்வகையிலும் பொறுப்பாவதில்லை.

உலோகக் கலவையைப் போலவே வார்ப்பு முறையும் படிமத்தின் தரத்துக்குப் போதிய சான்றாகாது. ரப்பர் அச்சில் மெழுகை ஊற்றி ஒரே உருவத்தைப் பல முறை எடுத்து, ஒவ்வொன்றையும் மண் பூசி வார்த்தாலும் அது மெழுகு வார்ப்பே. ஒவ்வொரு மண்கருவும் உடைக்கப்படுவதால் படிமம் ஒவ்வொன்றும் தனித்தன்மையது என்ற வாதம் அங்கே பொருளிழக்கிறது. சுவாமிமலைப் படிமங்களுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. ஆயினும் ஊரின் பெயர் மட்டும் இந்த வேறுபாட்டை வாங்குவோர்க்கு உணர்த்திவிடாது. படிமத்தோடு தரப்படும் சான்றில் மெழுகுரு கையால் செய்யப்பட்டதா, அச்சில் எடுக்கப்பட்டதா என்பதும், முகமும் பின்புறமும் உளியால் முடிக்கப்பட்டனவா என்பதும் உலோக விகிதத்தோடு சேர்த்துக் குறிக்கப்படல் வேண்டும்.