சென்னைத் துறைமுகமும் நகரும் மணலும்

நம் முன்னோருள் பலர் சென்னையில் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் ஏறி மலாயா வந்தவர்கள். அவர்கள் கடந்துவந்த அத்துறைமுகத்தின் வரலாற்றில் மணலுக்குப் பெரும் பங்கு உண்டு.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலைகடந்து வரவேண்டும். இத்துன்பத்தை நீக்கவே 1870களில் வில்லியம் பார்க்ஸ் என்னும் பொறியாளரின் திட்டப்படி கடலுக்குள் இரு அலைதடுப்புச் சுவர்களை எழுப்பத் தொடங்கினர். வாயில் கிழக்கு நோக்கியிருந்தது. 1881 நவம்பரில் வீசிய புயல் அச்சுவர்களைச் சிதைத்தது. மீண்டும் கட்டினர். ஆயினும், புயலினும் பெரிய இடையூறு மணலே.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதுகின்றன. அலை அடிமணலைக் கிளப்ப, கரையோர நீரோட்டம் அதனை வடக்கே இழுத்துச் செல்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசுங்கால் மணல் தெற்கே திரும்பும். ஆனால் அக்காலம் குறுகியது. ஆதலின், ஆண்டுக் கணக்கில் வடக்கே செல்வதே மிகுதி. புயல் வந்துவிட்டாலோ, அன்றாட அலை தொடாத ஆழத்து மணலும் எழுந்து நகரும். ஓதத்தின் பங்கு இங்குச் சிறிது. முழுமதி, மறைமதி நாள்களில் கிள்ளான் துறைமுகத்தில் ஓதம் ஏறத்தாழ 4 மீட்டர் ஏறி இறங்கக் கண்ட நமக்கு, சென்னையில் அது 1 மீட்டர் அளவே என்பது வியப்பளிக்கும். கூவத்தின் முகத்தை அடைக்கும் மணலைக்கூட அவ்வோதத்தால் அகற்ற இயலுவதில்லை.

இவ்வாறு வடக்கே சென்ற மணலைத் துறைமுகச் சுவர்கள் மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. கோட்டைக்கு அருகுவரை அலையடித்த கடல் பின்வாங்கிற்று. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் அக்கரையில் உலாச்சாலை அமைத்து, சிசிலித் தீவின் நினைவாக 'மெரினா' எனப் பெயரிட்டார். அக்கடற்கரையின் அகலத்தை மாணவருக்குப் புகழ்ந்துரைக்கும் நாம், அது எங்குச் செல்லவேண்டிய மணல் என்பதையும் உரைத்தல் வேண்டும்.

மணல் கிழக்கு வாயிலையும் நெருங்கிற்று. 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அவ்வாயில் மூடப்பெற்று, வடகிழக்கில் புதுவாயில் அமைந்தது. துறைமுகம் பிழைத்தது.

வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளுக்கோ வரவேண்டிய மணல் வரவில்லை. இருந்த மணலையும் அலை கொண்டுசென்றது. கரை தேய்ந்தது. மீனவர் குப்பங்கள் வீடுகளை இழந்தன. கட்டுமரம் ஏற்றிவைக்கவும் வலை உலர்த்தவும் இருந்த மணற்பரப்பை இழந்தன. பின்னர்க் கருங்கற்களைக் கொட்டிக் கரையைக் காத்தனர். கற்கள் முடிந்த இடத்திலிருந்து அரிப்பு எண்ணூரை நோக்கி வடக்கே நகர்ந்தது.