நிழலில் ஒரு நாற்காலி

நிழல் என்ற சொல்லை நாம் இரண்டு விதமாகப் புழங்குகிறோம். வெயிலுக்கு ஒதுங்கும் நிழல் ஒன்று, காலடியில் ஒட்டிக்கொண்டே வரும் நிழல் இன்னொன்று. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி அமைக்கும் நிழல் அமைச்சரவை இரண்டாவது வகை. நிதியமைச்சர் பேசி அமர்ந்தால் எதிர்வரிசையிலிருந்து நிழல் நிதியமைச்சர் எழுவார். உள்துறைக்கு ஒருவர், கல்விக்கு ஒருவர் என்று ஒவ்வொரு துறைக்கும் ஆள் உண்டு. இவர்களிடம் கோப்பும் இல்லை, அதிகாரமும் இல்லை. எதிர்க்கட்சித் தலைவருக்கு 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு ஊதியம் வந்தது. நிழல் அமைச்சர்களில் பெரும்பாலோருக்கு உறுப்பினர் ஊதியம் மட்டும்தான். ஆனாலும் நாளை ஆட்சி மாறினால் எந்த நாற்காலியில் யார் அமர்வார் என்பதை மக்கள் இன்றே பார்த்துக்கொள்ளும் இடம் அது.

நம் மக்களவையில் இந்த வழக்கம் வேர்பிடிக்கவில்லை. அதனால் வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவிகள் முதலில் சிரிக்கிறார்கள். இல்லாத அதிகாரத்தைப் பங்கு போடுவதா என்று கேட்கிறார்கள். இல்லாத அதிகாரத்தில்கூடப் பெண்ணுக்கு எந்தப் பங்கு வந்தது என்பதுதான் என் கேள்வி.

கன்சர்வேட்டிவ் கட்சியில் துறைகளைத் தருவது முழுக்கத் தலைவரின் விருப்பம். 1966இல் எட்வர்ட் ஹீத் தன் குழுவில் ஒரு பெண்ணைச் சேர்க்க நினைத்தார். ஒன்றே ஒன்று, அந்த ஓரிடத்தைக் 'கட்டாயப் பெண்' இடம் என்றே சொல்லலாம். ஜிம் பிரையர் மார்கரெட் தாட்சரின் பெயரைச் சொன்னார். தலைமைக் கொறடா வில்லியம் வைட்லாவும் அவரே திறமைசாலி என்று ஒப்புக்கொள்கிறார், ஆனால் ஒருமுறை உள்ளே விட்டால் பிறகு வெளியே அனுப்ப முடியாது என்கிறார், என்று ஹீத் பதில் சொன்னதாகப் பிரையர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். இடம் மெர்வின் பைக்குக்குப் போனது. அவர் 1967இல் விலகிய பின்பே தாட்சர் உள்ளே வந்தார். ஒரு பெண் எழுந்தால்தான் இன்னொரு பெண் உட்கார முடியும் என்பது கணக்கு. முதலில் எரிபொருள், 1968இல் போக்குவரத்து, 1969இல் கல்வி. 1974 இறுதியில் நிதித் துறை விவாதங்களில் ராபர்ட் கார்க்குத் துணையாகப் பேசும் வாய்ப்பு வந்தது. அங்கே அவர் அரசைக் கேள்வி கேட்ட விதத்தைப் பார்த்துத்தான் பலர் மனம் மாறினார்கள். 1975 பிப்ரவரியில் அவரே தலைவர்.

அதற்குப் பிறகு நடந்தது கசப்பானது. தாட்சர் சாலி ஓப்பன்ஹைமுக்கு நிழல் அமைச்சரவையில் தந்தது விலைவாசியும் நுகர்வோர் நலனும். கடைக்குப் பை தூக்கிப் போகிறவள் பெண் என்ற நினைப்பு அவருக்கும் இருந்ததோ என்னவோ. 1979இல் ஆட்சி வந்தபோது ஓப்பன்ஹைம் அமைச்சரானார், ஆனால் அமைச்சரவைக்கு வெளியே. தாட்சரின் பதினொரு வருட ஆட்சியில் அமைச்சரவை மேசையில் அவரைத் தவிர உட்கார்ந்த பெண் ஒருவர்தான், யங் சீமாட்டி. அவரும் 1981 முதல் 1983 வரை மட்டுமே.

லேபர் கட்சியின் வழி வேறு. எதிர்க்கட்சியாக இருக்கும் காலத்தில் நிழல் அமைச்சரவையை அதன் நாடாளுமன்ற உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வானவர்களுக்குத் தலைவர் துறை பிரித்துக் கொடுப்பார். கேட்க ஜனநாயகமாக இருக்கிறது. பெண்ணுக்கோ இது இரண்டு சல்லடை. 1989இல் ஒவ்வொரு உறுப்பினரும் குறைந்தது மூன்று பெண்களுக்கு வாக்களித்தே ஆகவேண்டும் என்று விதி வந்தது. 1993இல் அது நான்கானது. விதியை ஒழிக்க முடியாத ஆண்கள் சிலர் அதை வளைத்தார்கள். வெல்ல வாய்ப்பே இல்லாத பெண்களுக்குப் பார்த்து வாக்கைச் சிதறடித்தார்கள் என்று அப்போது பேசப்பட்டது. அந்த வருடம் ஹாரியட் ஹார்மன் தன் இடத்தை இழந்தார். இடஒதுக்கீடு பற்றி நம்மூரில் விவாதிப்பவர்கள் இந்த 1993ஐ ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

2010இல் வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றவர் இவெட் கூப்பர். பொருளாதாரம் படித்தவர், கருவூலத்தின் தலைமைச் செயலராக இருந்தவர். ஆனால் நிழல் நிதித் துறையை எட் மிலிபாண்ட் ஆலன் ஜான்சனுக்குக் கொடுத்தார். பொருளாதாரப் பாலபாடம் ஒன்றை வாங்கிப் படிக்க வேண்டும் என்று ஜான்சனே வேடிக்கையாகச் சொன்னார். கூப்பருக்கு வெளியுறவு. சில மாதங்களில் ஜான்சன் விலகியபோதும் நிதி அவருக்கு வரவில்லை. அவருடைய கணவர் எட் பால்ஸுக்குப் போனது. அதே 2011இல் தேர்தல் முறையே கைவிடப்பட்டது. 2015இல் ஜெரமி கார்பின் தன் குழுவில் பாதிக்கு மேல் பெண்களை நியமித்தார். ஆனால் நிதி, உள்துறை, வெளியுறவு மூன்றும் ஆண்களிடமே இருந்தன. முதல் பெண் நிழல் நிதியமைச்சர் அன்னலீஸ் டாட்ஸ், 2020இல். அடுத்த வருடம் அவரிடமிருந்து பொறுப்பேற்ற ரேச்சல் ரீவ்ஸ் 2024 ஜூலையில் பிரிட்டனின் முதல் பெண் நிதியமைச்சரானார்.

ஒரு துறையைச் சொல்லாமல் வைத்திருந்தேன். எண்பதுகளில் லேபர் கட்சி பெண்களுக்கென்றே தனி அமைச்சகம் அமைப்போம் என்று வாக்குறுதி தந்தது. அந்தப் பொறுப்பை நிழலில் சுமந்தவர் ஜோ ரிச்சர்ட்சன். கட்சி தோற்றுக்கொண்டே இருந்ததால் அவர் திட்டமிட்ட அமைச்சகம் தாளிலேயே இருந்தது. 1994இல் அவர் இறந்தார். 1997இல் கட்சி பெரும் வெற்றி பெற்றது. தனி அமைச்சகம் வரவில்லை. சமூகப் பாதுகாப்புத் துறை அமைச்சரான ஹார்மனுக்குப் பெண்கள் நலன் கூடுதல் பொறுப்பானது. அவருக்குக் கீழே பெண்கள் துறையைக் கவனிக்க ஜோன் ரடக் நியமிக்கப்பட்டார். ஊதியம் தரக்கூடிய அமைச்சர்களின் எண்ணிக்கைக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. இவர் முறை வந்தபோது அது நிரம்பியிருந்தது. எனவே ஊதியம் இல்லாமலே வேலை பார்த்தார். மறு வருடம் ஜூலையில் நடந்த அமைச்சரவை மாற்றத்தில் ஹார்மன், ரடக் இருவருமே நீக்கப்பட்டார்கள்.