புதிர் போட்டு ஆள் எடுத்த காலம்

1921இல் தாமஸ் எடிசன் வேலை கேட்டு வந்தவர்களுக்குச் சுமார் 150 கேள்விகள் கொண்ட தேர்வு வைத்தார். கேள்விகள் நாளிதழில் வெளியாகி விவாதம் கிளம்பியது. அவற்றில் ஒன்றாக, ஒலியின் வேகம் என்ன என்று கேட்கப்பட்ட ஐன்ஸ்டைன், புத்தகத்தில் கிடைப்பதைத் தாம் நினைவில் சுமப்பதில்லை என்றார். பின்னாளில் மைக்ரோசாஃப்ட், பொது அறிவுக்குப் பதிலாகப் புதிர்களைப் பிரபலமாக்கியது. பாதாளச் சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது? சதுர மூடியைக் குறுக்காகத் திருப்பினால் குழிக்குள் விழுந்துவிடும். வட்ட மூடி விழாது. முன்பே கேள்விப்பட்டவர் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார், கேள்விப்படாதவருக்கு வியர்க்கும். இருவரில் யார் நன்றாக நிரல் எழுதுவார் என்பது மட்டும் தெரியாது.

விடையல்ல, யோசிக்கும் விதமே முக்கியம் என்பார்கள் புதிர் போடுபவர்கள். அப்படியானால் அதை வேலையிலேயே பார்க்கலாமே! இத்தகைய புதிர்கள் எதையும் கணிப்பதில்லை, வெறும் நேர விரயம் என்று 2013இல் கூகுளின் மனிதவளத் தலைவர் லாஸ்லோ பாக்கே ஒப்புக்கொண்டார். ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பிக்கும்போது சல்லடை வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் சல்லடையின் கண் வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே மதிப்பெண் முறை, செய்யப்போகும் வேலையிலிருந்தே ஒரு சிறு மாதிரி: இவை திறமையை நன்றாகக் காட்டுகின்றன என்று 1998இல் உளவியலாளர்கள் ஷ்மிட், ஹன்டர் ஆய்வு காட்டியது. நேர்காணல் என்பது ஒருவரின் பிழைப்பைத் தீர்மானிக்கும் இடம். அங்கே கேட்பவரின் கெட்டிக்காரத்தனத்துக்கு மேடை தேவையில்லை.