பட்டறை வாசல்

இயந்திரத் தொழிலுக்குப் படிப்பு முக்கியமா, பட்டறை அனுபவமா என்ற விவாதத்தில் நான் கேட்க விரும்புவது வேறு: பட்டறைக்குள் யாரை விட்டார்கள்? லேத் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பழகியவர்கள் பையன்கள்தாம்.

பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர் அ. லலிதா. கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியராயிருந்த தந்தையின் துணையால் அங்கேயே மின்பொறியியல் படித்தார். ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் ஓராண்டு பயிற்சியும் பெற்றார். 1943இல் பட்டம். சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பாற்சொல்லை அடித்துத் திருத்தித்தான் அவரிடம் கொடுத்தார்கள்.

கைத்திறனைக் குறைத்துச் சொல்லவில்லை. அவருக்குப் பணிமனைக் கதவைத் திறந்ததே கல்லூரிதான். அனுபவமே ஆசான் என்பவர்களிடம் கேளுங்கள் தோழிகளே, அந்த ஆசான் பெண்ணை எப்போது சேர்த்துக்கொண்டார் என்று.