ஆறுமுகம் உடன்பிறந்தாரின் முதல் மலாய் இசைத்தட்டு

ஆறுமுகம் என்பது முருகப் பெருமானின் திருப்பெயர்களுள் ஒன்று. மலேசியத் தமிழர் இல்லங்களில் அப்பெயருக்குப் பஞ்சமில்லை. அதனைத் தந்தையின் பெயராகத் தாங்கிய டேவிட், லோகநாதன் என்னும் பினாங்குச் சகோதரர் இருவர் மலாய்ப் பாடலுலகில் பெற்ற இடம் மட்டும் நம் வகுப்பறைகளில் அரிதாகவே பேசப்படுகிறது.

1960களின் பிற்பகுதியில் இவர்கள் பினாங்கில் ஓர் இசைக்குழுவைத் தொடங்கினர். அதுவே பின்னர் ‘ஆலிகேட்ஸ்’ எனப் பெயர்பெற்றது. சந்துகளில் திரியும் பூனைகள் என்பது அதன் பொருள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘சோல்’ இசை உலகெங்கும் பரவிய காலம் அது. தேவாலயத் துதிப்பாடலின் உருக்கமும் நகர்ப்புறத் தாள இசையின் துள்ளலும் கூடிப் பிறந்தது அவ்விசை. 1959இல் டெட்ராய்ட் நகரில் தோன்றிய மோட்டவுன் நிறுவனம் அதனை வீடுதோறும் சேர்த்தது. ஓர் அசையைப் பல சுரங்களில் இழைத்து நீட்டும் அம்முறை, தேவாரம் கேட்டு வளர்ந்த செவிக்கு அந்நியமன்று என்பது என் கருத்து. இசைப் புலவர்கள் மறுக்கக்கூடும். அவ்விசையின் சாயல் சகோதரர்களின் குரலில் மட்டுமன்றி, குடைபோல் விரிந்த அவர்தம் சுருள்முடியிலும் தெரிந்தது.

1970களில் ஆங்காங் விடுதிகளில் பாடிப் பெயர்பெற்ற இக்குழு, 1979இல் ‘தெரிமா காசே’ என்னும் மலாய் இசைத்தட்டை வெளியிட்டது. ‘நன்றி’ என்பது அத்தலைப்பின் பொருள். ஆங்கிலப் பாடலில் தேர்ந்தவர்கள் மலாய்க்கு வந்ததைக் காலத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தேசிய மொழிக்கு மாறின. 1971இல் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடியது. நாட்டின் பொது மேடை மலாய் மொழியில் அமைந்துகொண்டிருந்தது. அம்மேடையில் இவ்விருவரும் தயங்காது ஏறினர். பெயரை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

இவர்களுக்குப் பாடல் அமைத்தவர்களுள் முதன்மையானவர், 1957இல் சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிர். பெர்மாஸ் ஜெயாவிலிருந்து நோக்கினால் நீரிணைக்கு அப்பால் தெரிகிறதே, அந்தத் தீவிலிருந்து வந்தவர். கவிஞர் எஸ். அமின் ஷஹாப் சொற்களை வழங்கினார். மலாய்க்காரர் யாத்த பாடலைத் தமிழர் பாட, நாடு முழுவதும் கேட்டது.

தோட்டப்புறத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, வானொலி அறிவிப்பாளர் ‘லோகநாதன் ஆறுமுகம்’ என்றதும் என் தந்தையார் உணவுத் தட்டை விட்டு எழுந்துவிட்டார். “நம்ம பிள்ளையா பாடுறான்?” என்று அன்னையாரிடம் இருமுறை கேட்டார். பாடலின் மொழி அவருக்கு அரைகுறையாகவே விளங்கும்.

ஆண்டுகள் பல கழிந்து ஆசிரியர் அறையில் இதனைக் கூறியபோது நண்பர் ஒருவர், “தமிழில் பாடிப் புகழ் பெறாதவரை நாம் ஏன் கொண்டாட வேண்டும்?” என்றார். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. தமிழ்ப்பள்ளியைக் காக்கப் போராடுகிறவன் மனத்தில் அது எழவே செய்யும். எனினும் அக்காலத்தில் நம் வீடுகளை நிறைத்தவை தமிழகத் திரைப்பாடல்களே. இங்கே பிறந்த குரலைத் தமிழில் பதிவுசெய்து கேட்க நாம் எத்துணை ஆர்வம் காட்டினோம்? அவர்கள் நம்மை விட்டுப் போயினர் என்பதினும், நாம் அவர்களை அழைக்கவில்லை என்பதே பொருந்தும்.

ஆறாம் ஆண்டு மாணவரிடம் அக்குழுவின் பாடலொன்றை ஒலிக்கவிட்டேன். பாடுபவர் மலாய்க்காரர் என்றனர் அனைவரும். கரும்பலகையில் பெயரை எழுதினேன். ஒரு மாணவி எழுந்து, “எங்கள் தாத்தா பெயரும் ஆறுமுகம்தான், ஐயா” என்றாள்.

‘நான் முதலில் சென்றுவிட்டால்’ என்னும் பொருள்படத் தொடங்கும் ஒரு பாடலும் இக்குழுவிற்குப் பெரும்புகழ் தந்தது. முதலில் சென்றவர் தம்பி லோகநாதனே. நுரையீரல் புற்றுநோயால் 2007இல் அவர் மறைந்தார். அதன் பின்னரும் அண்ணன் அக்குழுவோடு மேடையேறிப் பாடினார்.