சூடையும் நெத்தலியும்

வன்னிநாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் அதன் காடுகளையும் குளங்களையும், அக்குளங்களைக் காத்து நின்ற வன்னிபங்கள் என்னும் சிற்றரசர்களையும், 1803 ஆம் ஆண்டிலே முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய பண்டாரவன்னியனையும் விரித்துரைத்திருக்கின்றனர். அந்தக் குளத்து நெல்லைக் குத்திச் சமைத்த சோற்றோடு அந்நாட்டு ஜனங்கள் தினந்தோறும் எதைச் சேர்த்து உண்டார்கள் என்ற விஷயம் அவ்வாசிரியர்களுடைய கவனத்துக்கு வந்ததாகத் தெரியவில்லை. கரையோரத்து வீடுகளில் அது பெரும்பாலும் சிறுமீன். விரலளவான நெத்தலி, சாண் நீளத்துக்கும் குறைந்த சூடை, அதற்குச் சற்றே பெரிய கீரிமீன் ஆகிய இவற்றைத் தலையும் முள்ளும் எண்ணெயும் வீணாகாமல் சமைத்து உண்ணும் வழக்கம் வறுமையிலே பிறந்தது என்பர். வறுமையிலே பிறந்தது உண்மையேயாயினும், அது அவர்களுடைய தேகத்துக்குச் செய்த உபகாரத்தைப் பாரை மீனும் சீலாவும் வாங்கி உண்டவர்களுடைய பந்தி செய்ததில்லை என்பது என் துணிபு.

கொக்கிளாயிலே தொடங்கி நாயாறு, செம்மலை, அளம்பில், முல்லைத்தீவு, முள்ளிவாய்க்கால், மாத்தளன், சாலை என்று வடக்கு நோக்கிச் செல்லும் கீழைக்கரையானது, சோளகக் காற்று வீசும் மாதங்களிலே அலையடங்கிக் கிடப்பதும், வாடை பிறந்ததும் கொந்தளித்துத் தொழிலை நிறுத்திவிடுவதும் இயல்பு. ஆதலின் பங்குனி, சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையிலான காலமே அங்கு கரைவலைக் காலமாயிற்று. சூடையும் நெத்தலியும் கடலின் மேற்பரப்பிலே மிதக்கும் நுண்ணுயிர்களை உண்டு பெருந்திரளாகக் கரையை அண்டி வருபவை. அந்த ஆகாரத்தின் சாரத்தையே எண்ணெயாகத் தம் உடலில் சேர்த்து வைத்துக்கொள்பவை. தூரக்கடலுக்குச் செல்லத்தக்க கலங்கள் இல்லாத காலத்திலும் கரையிலிருந்தபடியே பிடிக்கக்கூடிய மீன் இதுவாதலின், கடல் வளத்தின் முதற்பங்கு எளியவனுக்கே கிடைத்தது.

கரைவலை என்பது தனி மனிதனின் தொழிலன்று. ஒரு கயிற்றின் நுனியைக் கரையிலே பிடித்துக்கொண்டு, தோணி கடலுக்குள் சென்று, வலையை அரைவட்டமாக இறக்கி, மறுகயிற்றோடு வேறோர் இடத்திலே கரையேறும். பிறகு இரு பக்கத்தும் ஆட்கள் வரிசையாக நின்று, அம்பாப் பாடலின் தாளத்துக்குக் கால்களை மணலில் ஊன்றி, மணிக்கணக்காக இழுப்பார்கள். வலைக்கு உடையவர் சம்மாட்டி. வலை வளைக்கும் உரிமைபெற்ற கரைத்துண்டு பாடு. மேலைக்கரையிலுள்ள நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் அதே சோளக மாதங்களிலே கடல் கொந்தளிப்பதால், அப்பகுதித் தொழிலாளர் பருவந்தோறும் கொக்கிளாய்க்கும் நாயாற்றுக்கும் வந்து வாடியமைத்துத் தங்கும் வழக்கமும், அதனாலே பாடுகளின் உரிமை பற்றிய வழக்குகளும் நெடுங்காலமாகவே உள்ளவை. வலையின் மடி கரையேறியதும் பெரிய மீன்கள் வியாபாரிக்கென்று வேறாகும். சிறுமீன் குவியலாக மணலிலே கிடக்கும். கயிறு இழுத்தவனும், அவனோடு வந்து நின்று கை கொடுத்த சிறுவனும் கறிக்கென்று அள்ளிச் செல்வது அந்தக் குவியலிலிருந்துதான். கூலி குறைந்த நாளிலும் கறிமீன் குறைந்ததில்லை என்பதனாலே, காசு புழங்காத வீட்டிலும் சட்டியிலே மீன் கொதித்தது.

எண்ணெய் மிகுந்த மீன் விரைவிலே கெடும். நண்பகல் வெயிலிலே ஒரு சில மணி நேரம் கிடந்த சூடையிலே உண்டாகும் மாற்றம் உடலிலே தடிப்பையும் அரிப்பையும் வருவிக்கும். அதற்குக் காரணமான ஹிஸ்டமின் என்னும் பொருள் சமைத்தாலும் அழிவதில்லை என்று இன்றைய இரசாயனம் சொல்கிறது. நம்மவர் சில மீன்களைக் கிரந்தி என்று சொல்லி, புண் உள்ளவருக்கும் பிள்ளைபெற்றவருக்கும் விலக்கியதிலே இந்த அனுபவத்துக்கும் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டுமென்று கருதுகிறேன். பனிக்கட்டி இல்லாத காலத்தில் புது மீன் கரையிலிருந்து நடந்து எட்டக்கூடிய கிராமங்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. அதற்கு அப்பாலுள்ள உள்நாட்டுக்குப் போனது கருவாடு.

நெத்தலியை உப்பிடாமலே பாயிலோ மணலிலோ பரப்பினால், நல்ல வெயிலில் இரண்டு நாளிலே சருகாகும். சூடைக்கு அவ்வளவு போதாது. எண்ணெய் காரணமாக உப்பிலே ஊறவைத்தே காயவிட வேண்டும். அந்த உப்போ ஆனையிறவுக் களப்பிலும் கரையோரத் தரவைகளிலும் வறண்ட மாதங்களிலே தானாகவே விளைந்தது. ஆயினும் பிரித்தானியர் ஆட்சியிலே உப்பு அரசாங்கத்தின் ஏகபோகமாக இருந்தமையால், கண்முன்னே வெள்ளையாகப் பூத்துக் கிடந்ததை அள்ளுவதும் குற்றமாயிற்று. விலைகொடுத்து வாங்கிய உப்பு கருவாட்டின் விலையையும் உயர்த்திற்று என்பதை அறிந்தாலன்றி, உள்நாட்டு ஏழைக்கு அது ஏன் அரிய பண்டமாயிற்று என்பது விளங்காது. பொதிமாட்டிலும் மாட்டு வண்டியிலும் உப்பும் கருவாடும் உள்ளே போக, நெல்லும் காட்டுப் பண்டமும் கரைக்கு வரும் வாணிகம் இலங்கை முழுவதற்கும் பொதுவானது. கண்டி இராச்சியமே உப்புக்கும் கருவாட்டுக்கும் கரையை நம்பியிருந்தது.

உள்நாட்டின் நிலை எப்படியிருந்தது என்பதற்குச் சான்று உண்டு. வன்னியிலே ஜனத்தொகை குன்றிவருவதன் காரணத்தை ஆராய்ந்து 1868 ஆம் ஆண்டளவிலே வைத்தியர் ஜேம்ஸ் லூஸ் எழுதிய அறிக்கையும், 1895 இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூலும், காய்ச்சலும் பரங்கிப் புண்ணும் தின்றுகொண்டிருந்த ஒரு நாட்டைக் காட்டுகின்றன. பரங்கிக்கு அசுத்த நீரையும் சத்தற்ற உணவையும் காரணமாகக் கூறும் அபிப்பிராயம் அக்காலத்தில் இருந்தது. பரங்கி கிருமியால் தொற்றுவது என்பது பிற்காலத்தில் நிச்சயமாயிற்று. ஆகவே அன்றைய வைத்தியர்களின் காரணம் பிழையே. ஆயினும் அவர்கள் கண்ட மெலிந்த உடல்கள் பொய்யல்ல. மழை பொய்த்த வருஷத்தில் சேனையில் விளைந்த குரக்கனையும் காட்டுக் கிழங்கையும் நம்பி வாழ்ந்தவர்களுக்குக் கடல் மிகத் தூரத்திலிருந்தது.

அவர்களுக்கு அண்மையிலே இருந்த கடல் குளந்தான். ஆடி, ஆவணியிலே நீர் வற்றி அடிமட்டத்தை நெருங்கும்போது, ஊரார் கரப்பும் அத்தாங்கும் பறியுமாக இறங்கிச் சேறு கலக்கிப் பிடிக்கும் மீனிலே விராலும் கெளுத்தியும் பேசப்படுமேயன்றி, கைநிறைய அள்ளப்படும் பொடிமீனைப் பற்றிப் பேசுவார் இல்லை. உடைந்து காடாய்க் கிடந்த குளங்களைத் திருத்தும் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தொடங்கிற்று. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவைக் கட்டுவதற்கு ஹென்றி பார்க்கர் என்னும் பொறியியலாளர் 1885 இல் திட்டம் வரைய, 1902 இலே வேலை ஆரம்பமாகி 1920 அளவிலே நிறைவெய்தியது. நெற்காணிக்கென்று கட்டப்பட்ட அக்குளம், கேட்பாரில்லாமலே மீனையும் கொடுத்தது.

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். சூடையைச் செதில் போகத் தேய்த்து, செவிளையும் குடலையும் நீக்கி, தலையை அப்படியே விட்டு, உப்பும் மஞ்சளும் பூசி வைப்பர். மண்சட்டியின் அடியிலே கறிவேப்பிலையைப் பரப்பி, அதன்மேல் மீனை ஒன்றையொன்று நெருங்கப் படுக்கவைத்து, கெட்டியாகக் கரைத்த பழப்புளி, இடித்த செத்தல் மிளகாய், மிளகு, நசுக்கிய உள்ளி ஆகியவற்றைச் சேர்த்து, மீன் மூழ்கும் அளவுக்கு நீர்விட்டு, விறகைப் பின்னுக்கு இழுத்துத் தணலிலே வற்றவிடுவர். கரண்டி போடலாகாது, சட்டியைத் துணியாற் பிடித்து ஒருமுறை சுழற்றுவதே போதும். நீர் வற்றி, மீனின் எண்ணெய் சட்டியின் ஓரத்திலே பொன்னிறமாகக் கசிந்து நிற்கும் வேளையில் இறக்கினால், புளியின் அமிலத்திலே வெந்த நடுமுள் பல்லுக்கு இடறாமல் நொறுங்கும். முள்ளின் சுண்ணச்சத்திலே ஒரு பங்கு குழம்பிலும் இறங்கியிருக்கும். மறுநாள் காலை, பழஞ்சோற்றோடு இந்தச் சட்டியைத் துடைத்து உண்பதற்கே வீட்டுப் பிள்ளைகளிடையே சண்டை நடக்கும்.

நெத்தலிக்கு இவ்வளவு பாடில்லை. பச்சை நெத்தலியை வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயத்தோடு அவித்து, தேங்காய்ப்பால் விட்டு, ஒரு கொதியிலே இறக்கித் தேசிக்காய்ப்புளி விட்டால் சொதி. காய்ந்த நெத்தலியை மிளகாயோடு முறுகப் பொரித்தால் குரக்கன் பிட்டுக்கும் ரொட்டிக்கும் இணையற்ற துணை. பிள்ளை பெற்ற தாய்க்கு மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி அரைத்த சரக்குக் கறியிலே காரல் போன்ற எண்ணெய் குறைந்த சிறுமீனையே இடுவது சம்பிரதாயம். பால் சுரக்கும் என்பது நம்பிக்கை. உண்ணும் முறையிலும் ஒரு கல்வியுண்டு. சிறு பிள்ளைக்குச் சோற்றோடு முள்ளை விரலால் நசுக்கிப் பார்த்தே தாய் ஊட்டுவாள். பிள்ளை ஐந்தாறு வயதிலே தலையை மென்று சப்பவும், நெரியாத முள்ளை நாவினாலே ஒதுக்கவும் தானே பழகிக்கொள்ளும்.

இந்த வழக்கத்தின் பயனை விஞ்ஞானம் தாமதமாகவே கண்டறிந்தது. கொழும்பிலே பாக்டீரியா ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த லூஷியஸ் நிக்கொல்ஸ், 1933 இல் எழுதிய கட்டுரையொன்றிலே, இலங்கையின் வறியவர்களிடத்துத் தாம் கண்ட, தேரையின் தோல்போற் சொரசொரத்த ஒரு சரும நோயை விவரித்து, அது உணவிலே உயிர்ச்சத்துக் குறைவால் வருவது என்று காட்டினார். 1970 முதல் டென்மார்க் தேசத்து வைத்தியர்களான பாங், டையர்பர்க் என்போர் கிரீன்லாந்து மக்களின் இரத்தத்தை ஆராய்ந்து, கடல் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பமிலத்தை இருதய ஆரோக்கியத்தோடு தொடர்புபடுத்தியபின், அதனைக் குளிகையாக அடைத்து விற்கும் வியாபாரம் உலகெங்கும் பரவிற்று. குளிகையை வைத்து நடத்திய பரீட்சைகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. மீனை மீனாகவே உண்ணும்படி சொல்வதில் வைத்தியர்களிடையே அத்தனை கருத்துவேற்றுமை இல்லை.

எனக்கு எல்லாவற்றினும் முக்கியமாகப் படுவது வங்காளதேசத்து ஆராய்ச்சி. டிரினிடாட்டிலே இந்திய வமிசத்தில் பிறந்த சகுந்தலா தில்ஸ்டெட் என்னும் அம்மையார், வங்காளதேசத்து ஏழைகள் உண்ணும் மோலா என்ற விரலளவான குளத்து மீனை ஆராய்ந்து, அதன் உயிர்ச்சத்து ஏ பெரும்பாலும் கண்ணிலும் குடற்பகுதியிலும் தங்கியிருப்பதையும், முள்ளோடு உண்டால் அதன் கல்சியம் பாலின் கல்சியத்துக்கு ஒப்பாக உடலிலே சேர்வதையும் காட்டி, 2021 இல் உலக உணவுப் பரிசைப் பெற்றார். தலையைக் கிள்ளி எறிவோர் எதனை எறிகிறார்கள் என்பது இதனால் விளங்கும். அந்த மோலாவின் இனத்தைச் சேர்ந்த சிறுமீன் இலங்கையின் குளங்களிலும் வாழ்கிறது. வெயிலிலே உலர்த்தினால் உயிர்ச்சத்து ஏ பெரும்பகுதி அழிந்துபோகும் என்பதும் அதே ஆராய்ச்சியின் முடிவு. ஆகவே கருவாடு புது மீனுக்கு ஈடாகாது. இரத்த அழுத்தம் உள்ளவர் அதன் உப்புக்கும் அஞ்சவேண்டும். கல்சியமும் புரதமும் மட்டும் கருவாட்டிலும் குறையாமல் நிற்கும்.

சிறுமீனின் மதிப்புக் குறைந்தது எப்படி? 1905 இலே யாழ்ப்பாணத்துக்கும் தெற்குக்குமிடையே இரயில்பாதை பூர்த்தியாகி, வவுனியாவும் கிளிநொச்சியும் தெற்குச் சந்தையோடு பிணைக்கப்பட்டன. பனிக்கட்டியும் லொறியும் வந்தபின், நல்ல விலை பெறும் பெரிய மீன் கொழும்புக்குப் போயிற்று. 1950 களின் பிற்பகுதியிலே அரசாங்கம் இயந்திரப் படகுகளையும் நைலோன் வலைகளையும் அறிமுகஞ்செய்ததும், தொழிலாளியின் கண் ஆழ்கடலை நோக்கிற்று. 1952 இலே கொணர்ந்து விடப்பட்ட ஆபிரிக்க இனமான திலாப்பியா குளங்களிலே பெருகி, உள்நாட்டாருக்குச் சதைப்பற்றுள்ள மலிவான மீனைத் தந்தது. அது பெரிய நன்மையே; ஆனால் சதையை உண்டு முள்ளை எறியும் பழக்கமும் அதனோடு வந்தது. தகரத்தில் அடைத்த மீன் விருந்தாளிக்கு உரியதாயிற்று. சூடையோ வீட்டாருக்கு மாத்திரம் சமைப்பது என்ற இழிவைப் பெற்றது. கடல் கடந்து வந்த தகரத்திலும் சூடையின் சுற்றமான சாளை இனங்களே பலவேளை அடைபட்டிருந்தன.

யுத்த காலத்திலே கடலுக்குச் செல்லத் தடையும், எரிபொருளுக்குத் தடையும், 2004 இன் ஆழிப்பேரலையும் சேர்ந்து வன்னிக் கரையை வதைத்தன. யுத்தம் முடிவுக்கு வந்த 2009 இலே முள்ளிவாய்க்காலிலும் மாத்தளனிலும், தலைமுறை தலைமுறையாகக் கரைவலை இழுத்த அதே மணலிலே, ஜனங்கள் உப்பும் அரிசியுமான கஞ்சிக்கு வரிசையிலே நின்றார்கள். இதற்குமேல் அதைப்பற்றி எழுத என் பேனாவுக்கு வலுவில்லை.

மீள்குடியேற்றத்தின்பின் வலைகள் மறுபடியும் இறங்கின. சில இடங்களில் ஆட்களின் கைக்குப் பதிலாக உழவுயந்திரத்திலே பூட்டிய சுழலி கயிற்றை இழுக்கத் தொடங்கிற்று. அம்பாவுக்கு அங்கே வேலையில்லாமற் போயிற்று, கறிமீன் பெறும் கைகளும் குறைந்துபோயின. வெளிச்சம் பாய்ச்சியும் சுருக்குவலை வளைத்தும் சிறுமீன் திரளை முழுவதாக அள்ளும் முறைகளுக்கு எதிராக 2018 இலே முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர் வீதியிலிறங்கிப் போராடினர். கரைக்கு வருமுன்னரே திரள் வாரப்பட்டால், சிறுதொழிலாளியின் வலைக்கும் கரைவலைக்கும் மிஞ்சுவது என்ன என்பதே அவர்களுடைய முறைப்பாடு. அது தொழிலாளியின் வருமானம் பற்றிய முறைப்பாடாகவே பேசப்பட்டது; அவன் வீட்டுச் சட்டியைப் பற்றியதும் அதுவே.